தரங்கம்பாடிக் கடற்கரை

தரங்கம்பாடி என்பது தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்தில், வங்காள விரிகுடாவின் கரையில் அமைந்துள்ள ஒரு சிறு நகரம் ஆகும். காவிரி வடிநிலத்தின் கிழக்கு ஓரத்தில், காரைக்காலுக்கு வடக்கே உள்ள இது ஒரு பேரூராட்சி. 1620 முதல் 1845 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, டென்மார்க் நாட்டவரின் வணிகத் தளமாக விளங்கியது. அவர்கள் கட்டிய டேன்சுபோர்க் கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. இவ்வூரின் அன்றாட வாழ்வு கடற்காற்றையும் கரை மணலையும் சார்ந்தது.

பெயர்

தரங்கம் என்னும் சொல்லுக்கு அலை என்பது பொருள். "பாடும் அலைகளின் ஊர்" என்ற விளக்கம் பரவலாக வழங்குகிறது. எனினும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் பாடி என்பது குடியிருப்பைக் குறிக்கும் சொல்லாகும். 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி எனக் குறிக்கப்படுகிறது.

காற்றும் தொழிலும்

பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரையை நோக்கி வீசுகிறது. இது கடற்காற்று. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் காற்றின் திசை மாறி நிலக்காற்று வீசுகிறது. பாய்மரம் கட்டிய காலத்தில் மீனவர்கள் விடியலுக்கு முன் நிலக்காற்றில் கடலேறி, பகலில் கடற்காற்றில் கரை திரும்பினர். இயந்திரப் படகுகள் வந்த பின்னரும் விடியலுக்கு முன் புறப்படும் வழக்கம் தொடர்கிறது.

கரைக்கு வரும் மீன் ஏலம் விடப்படுகிறது. பெண்கள் அதை வாங்கி ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்கின்றனர். விற்றது போக எஞ்சுவது உப்பிட்டு, வெயிலில் காயவைத்துக் கருவாடாக்கப்படுகிறது. மீன்களின் இனப்பெருக்கத்திற்காக, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. 2017க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது.

கரையின் உயிரினங்கள்

மணல்மேடுகளில் அடம்புக் கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும் வளர்கின்றன. இவற்றின் வேர்களும் கொடிகளும் மணலைப் பிடித்து வைக்கின்றன. சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. முட்டை பொரிக்க, அலை எட்டாத உலர்ந்த மணல் தேவை.

கடலரிப்பு

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்த்துகின்றன. ஓரிடத்தில் வந்து சேரும் மணலைவிட நீங்கும் மணல் மிகுந்தால் கரை பின்வாங்கும். மேட்டூர் அணை (1934) போன்ற அணைகள் வண்டலைத் தடுத்து நிறுத்துவதால், காவிரி கடலுக்குக் கொண்டு வரும் மணல் குறைந்துள்ளது.

இதன் விளைவை மாசிலாமணிநாதர் கோயிலில் காணலாம். 1306இல் பாண்டியர் காலத்தில் எழுந்த இக்கோயிலின் கடலை ஒட்டிய பகுதிகளைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதியைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. கற்சுவர் தன் பின்னுள்ள நிலத்தைக் காக்கும். ஆனால் அதில் மோதித் திரும்பும் அலை முன்னுள்ள மணலை அரிக்கும். சுவர் முடியும் இடத்தில் அரிப்பு தொடரும். மணல் இல்லாத இடத்தில் படகை இழுத்து ஏற்றவோ, வலையை உலர்த்தவோ, ஆமை முட்டையிடவோ இயலாது.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் கரையோர மீனவர் குடியிருப்பு பேரழிவைச் சந்தித்தது. அதன்பின் கட்டுமரங்கள் பெரும்பாலும் மறைந்து, கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. கரையிலிருந்து விலகிப் புதிய வீடுகள் கட்டப்பட்டன. இவை பாதுகாப்பானவை. எனினும் வாசலில் நின்றே அலையையும் காற்றையும் பார்த்துக் கடலேறலாமா என முடிவு செய்தவர்கள், இப்போது அதற்காகக் கரைவரை நடந்து வர வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* கடலரிப்பு
* கட்டுமரம்
* சோழ மண்டலக் கடற்கரை