73 வயதில் ஒரு ‘புதுமுகம்’

நீண்டகாலச் சிகிச்சையில் இருப்போர் சிலர், “இனி எனக்கு என்ன இருக்கிறது?” என்று எங்களிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காக ஒரு பாடகரின் வாழ்வை இங்கு நினைவுகூர்கிறோம்.

கியூபாவின் சாந்தியாகோ நகருக்கு அருகே 1927-இல் பிறந்தவர் இப்ராஹிம் ஃபெரர். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தவர், தெருக்களில் பாடிப் பிழைத்தார். பின்னர் பாச்சோ அலோன்சோவின் இசைக்குழுவில் பல ஆண்டுகள் பாடினார். ஆயினும் அவர் பெரிதும் விரும்பிய ‘பொலேரோ’ என்னும் மென்மையான காதற்பாடல்களைப் பாடும் வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. முதுமையில் பாட்டிலிருந்து ஓய்வு பெற்று, ஹவானாவில் காலணிகளுக்கு மெருகேற்றி வாழ்ந்தார்.

1996-இல், அவருடைய 69-ஆம் வயதில், பழைய பாடகர்களைத் தேடிய இசைக்கலைஞர்கள் அவரை ஒலிப்பதிவுக்கு அழைத்தனர். அவ்வாறு உருவான ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’ இசைத்தொகுப்பு 1997-இல் வெளிவந்து, கிராமி விருதும் பெற்றது. அதில் அவர் பொலேரோ பாடினார். 2000-இல் லத்தீன் கிராமி விழாவில் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான விருது, 73 வயதான அவருக்கே கிடைத்தது. 2005-இல் மறையும் வரை அவர் மேடையேறினார்.

எல்லோருக்கும் இத்தகைய புகழ் வந்து சேரும் என்று நாங்கள் கூற மாட்டோம். எவரும் கேளாதிருந்த ஆண்டுகளிலும் அவருடைய குரல் அவரிடமே இருந்தது. உங்களுக்கு விருப்பமான ஒன்றை இன்று சிறிது நேரமேனும் செய்து பாருங்கள், உடனிருப்போரும் சேர்ந்துகொள்ளுங்கள்.