ஸ்பெயின் இளவரசிக்கு ஏன் 3 பட்டங்கள்? மாறுவேடத்தில் வந்த மாப்பிள்ளையும் 1469 கல்யாணமும்!

ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பேவின் மூத்த மகள் லெயோனோர்தான் அடுத்த வாரிசு. 2023 அக்டோபர் 31-ல், தன் 18-வது பிறந்தநாளில், நாடாளுமன்றத்தில் உறுதிமொழி ஏற்றார். அவருக்கு அஸ்டூரியாஸ் இளவரசி, ஜிரோனா இளவரசி, வியானா இளவரசி என மூன்று பட்டங்கள். ஒரே நாட்டு வாரிசுக்கு எதுக்கு மூன்று?

ஏன்னா, அந்தக் காலத்தில் ஸ்பெயின் என்று ஒரே ராஜ்ஜியம் கிடையாது. காஸ்டில், அரகான், நவார் என்ற மூன்று அரசுகளின் வாரிசுப் பட்டங்கள்தான் இவை.

எங்கே தொடங்கியது?

711-ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படைகள் விசிகோத் அரசை வீழ்த்தின. வடக்கே அஸ்டூரியாஸ் மலைகளில் பெலாயோ என்ற தலைவர் ஒரு சிறு அரசை அமைத்தார். அது லெயோன் அரசாக வளர்ந்தது, அதிலிருந்து காஸ்டில் கிளைத்தது. 1230-ல் இரண்டும் ஒரே மன்னரிடம் வந்தன.

கிழக்கே அரகான் கதை வேறு. 1137-ல் அந்நாட்டு மன்னரின் ஒரு வயது மகளை பார்சிலோனா பிரபுவுக்கு நிச்சயம் செய்தார்கள். ஆமாம், ஒரு வயதுதான்! கட்டலோனியா அரகானோடு சேர்ந்தது இப்படித்தான். ஆனால் அதன் சட்டமும் சபையும் தனியாகவே இருந்தன.

மாறுவேட மாப்பிள்ளை

பின்னாளில் கொலம்பஸை அனுப்பிவைத்த இசபெல்லா, காஸ்டில் மன்னர் நான்காம் என்ரிக்கேவின் தங்கை. மன்னரின் சம்மதம் இல்லாமலேயே அரகான் இளவரசர் ஃபெர்டினாண்டைக் கட்டிக்கொள்ள முடிவெடுத்தார். பிடிபடாமல் இருக்க, வியாபாரிகளின் வேலைக்காரன் வேஷத்தில் வந்து சேர்ந்தார் மாப்பிள்ளை. 1469 அக்டோபரில் வல்யதோலித் நகரில் கல்யாணம். பெண்ணுக்கு 18, பையனுக்கு 17. இருவரும் உறவுக்காரர்கள் என்பதால் போப்பின் அனுமதி வேண்டும். காட்டப்பட்ட அனுமதிக் கடிதமோ போலி!

1474-ல் இசபெல்லா ராணியானார், 1479-ல் ஃபெர்டினாண்ட் அரகான் மன்னரானார். 1492-ல் கிரனாடாவும் அவர்கள் கைக்கு வந்தது. இத்தோடு ஸ்பெயின் ஒன்றாகிவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒரே குடும்பம் ஆண்டாலும் சட்டம், வரி, சபை எல்லாம் தனித்தனி.

பிரிந்தே போயிருக்கும்

1504-ல் இசபெல்லா இறந்ததும் காஸ்டில் முடி மகள் ஹுவானாவுக்குப் போனது. ஃபெர்டினாண்ட் மறுமணம் செய்தார். 1509-ல் ஆண் குழந்தை பிறந்து, சில மணி நேரத்தில் இறந்தது. பிழைத்திருந்தால் அரகான் முடி அவனுக்குத்தான். இரண்டு அரசும் பிரிந்திருக்கும். 1512-ல் நவாரைப் படையெடுத்துப் பிடித்த ஃபெர்டினாண்ட், 1516-ல் மறைந்தார். ஹுவானாவின் மகன் கார்லோஸ் எல்லா முடிகளையும் சேர்த்து ஆண்டார்.

இப்போதும் ஏன் பிரச்னை?

அரகான், கட்டலோனியாவின் தனிச் சட்டங்கள் 1707 முதல் 1716-க்குள் ரத்து செய்யப்பட்டன. போர் நடத்தி ரத்து செய்தவர் ஐந்தாம் ஃபெலிப்பே. 1714 செப்டம்பர் 11-ல் பார்சிலோனா அவரது படையிடம் வீழ்ந்தது. அந்த நாளைத்தான் கட்டலோனியா இன்றும் தன் தேசிய நாளாக அனுசரிக்கிறது. 2017-ல் அங்கே தனிநாடு வாக்கெடுப்பு நடந்தபோது, இப்போதைய மன்னர் ஃபெலிப்பே டிவியில் தோன்றி கட்டலோனியத் தலைவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். அவரது மகளின் பட்டத்தில் உள்ள ஜிரோனா நகரமும் கட்டலோனியாவில்தான் இருக்கிறது.