டார்ச்சா, துப்பாக்கியா?

1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ கணினி விளையாட்டு முழுக்க ஓட்டமும் சூடும்தான். கதவைத் திறந்தால் பூதங்கள். சுட்டுத் தள்ளிவிட்டு அடுத்த கதவு. அதே இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 2004 ஆகஸ்டில் ‘டூம் 3’ஐ வெளியிட்டபோது ரசிகர்கள் திகைத்துப்போனார்கள். செவ்வாய்க் கிரகத்து ஆய்வுக்கூடம், எங்கும் கும்மிருட்டு, எங்கோ ஒரு குழாய் முனகுகிறது. டார்ச்சைப் பிடித்தால் துப்பாக்கி இல்லை. துப்பாக்கியை எடுத்தால் டார்ச் இல்லை. கதை நடப்பது 2145இல். அத்தனை முன்னேறிய ராணுவத்தில் ஒட்டுகிற டேப் கூடவா இல்லை என்று ரசிகர்கள் கேலி பேசினார்கள். ஒருவர் டார்ச்சைத் துப்பாக்கியோடு சேர்த்து ஒட்டிவிடும் சிறு நிரலையே எழுதி, அதற்கு ‘டக்ட் டேப்’ என்று பெயரும் வைத்தார்.

அந்த இருட்டு ஓவியர் பூசிய கறுப்பு இல்லை. பழைய டூமில் தரையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வெளிச்ச அளவு, அவ்வளவுதான். மூன்றாம் பாகத்துக்கு அந்நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக் எழுதிய நிரல், ஒவ்வொரு விளக்கின் நிழலையும் உடனுக்குடன் கணக்கிட்டது. பொருளின் விளிம்பிலிருந்து விளக்குக்கு எதிர்த்திசையில், கண்ணுக்குத் தெரியாத சுவர்களை அது நீட்டுகிறது. சுவர்களுக்குள் அகப்பட்டதெல்லாம் நிழல். அகப்பட்டதா என்று அறியும் முறை, சிப்காட் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வண்டிக்கணக்கு எழுதுவது மாதிரி: பார்வை சுவருக்குள் நுழைந்தால் ஒன்று கூட்டு, வெளியே வந்தால் ஒன்று கழி, மிச்சம் பூஜ்யம் என்றால் வெளிச்சம். பார்ப்பவரே நிழலுக்குள் நின்றால் நுழைந்த கணக்கு விட்டுப்போகும்; அதனால் கார்மாக் பொருளுக்கு அப்பாலிருந்து எண்ணினார். சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் கணக்கிட அன்றைய கணினிக்குத் தெம்பில்லை. ஆகவே நிழலின் ஓரம் கத்திமுனை. விளக்கு எட்டாத இடம் சுத்தக் கறுப்பு.

அந்தக் கறுப்பு நம்மை ஏன் ஆட்டுகிறது? 1997இல் ஆய்வாளர் கிறிஸ்டியன் கிரில்லன் குழுவினர் திடீர்ச் சத்தம் எழுப்பி, கண்ணைச் சுற்றியுள்ள தசை எவ்வளவு துடிக்கிறது என்று அளந்தார்கள். இருட்டில் துடிப்பு கூடியது. எலிக்கோ நேர்மாறு, பளீர் வெளிச்சத்தில்தான் அது அதிகம் திடுக்கிடும். இரவில் நடமாடும் பிராணிக்குப் பகல்தான் பேய்!

ஓசூர்ப் பக்கம் ராகிக் காவல் இருப்பவருக்கு டார்ச்சும் இருட்டும் தரும் இந்தச் சங்கடம் பழகியது. விளைச்சல் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை வரும். டார்ச் அடித்தால் அந்த வட்டம் மட்டும் தெரியும். அணைத்தால், முன்பு மங்கலாகத் தெரிந்த வரப்பும் காணாமல் போகும். கண்ணின் கோல் செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் போல ஆகும். ஒரு பளிச்சில் அது கெட்டுவிடும். பிறகு காதுதான் துணை. யானையின் பாதத்தடியில் இருப்பதோ கொழுப்புத் திண்டு, காலடி ஓசை எழாது. ராகித் தட்டை ஒடிகிற சத்தம் கேட்கும்போது அது பக்கத்தில் வந்திருக்கும்.

தூரத்து ஆபத்தும் பக்கத்து ஆபத்தும் மூளைக்கு ஒன்றல்ல. 2007இல் ஆய்வாளர் டீன் மாப்ஸின் குழு, மூளை ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களை ஒரு கணினி விளையாட்டு ஆடவைத்தது. சந்துகளில் துரத்தும் எதிரி பிடித்தால் கையில் நிஜமான மின் அதிர்ச்சி. எதிரி தொலைவில் இருந்தபோது நெற்றிக்குப் பின்னால் திட்டமிடும் பகுதி இயங்கியது. நெருங்க நெருங்க நடுமூளையின் ஆழப்பகுதி பொறுப்பை வாங்கிக்கொண்டது. பழைய டூம் விளையாடுபவரை இந்த இரண்டாவது நிலையிலேயே வைத்திருந்தது, அங்கே பயப்பட நேரமில்லை என்பது என் கணிப்பு. டூம் 3 முதல் நிலையில் நிறுத்திவைத்தது: யோசிக்க நேரம் தாராளம், தகவல் மட்டும் கஞ்சத்தனம்.

2012 மறுபதிப்பில் டார்ச்சைக் கவசத்திலேயே பொருத்திவிட்டார்கள். வசதிதான், பாதிப் பயம் போயே போய்விட்டது. 2016இல் வந்த ‘டூம்’ பழைய வேகத்துக்கே திரும்பியது. அதில் தள்ளாடும் பூதத்தை நெருங்கிக் கையாலேயே கொன்றால் இழந்த உயிர்ச்சக்தி திரும்பக் கிடைக்கும். எட்ட நின்று ஒளிபவருக்குத்தான் அதில் நஷ்டம்.