உடற்பயிற்சியில் யோகாசனமும் பிலாட்டீசும்

யோகாசனமும் பிலாட்டீசும் உடலின் வளைதன்மை, சமநிலை, நடுவுடல் தசைவலு ஆகியவற்றை வளர்க்கும் பயிற்சிகள் ஆகும். ஆசனங்கள் இந்திய மரபில் தோன்றியவை. பிலாட்டீசை உருவாக்கியவர் செருமனியில் பிறந்த யோசப் பிலாட்டீசு (1883–1967). முதல் உலகப்போரின்போது பிரித்தானியர் அவரைத் தடுத்து வைத்திருந்த காலத்தில் இம்முறையை வளர்த்தெடுத்தார். அவர் இதற்கு இட்ட பெயர் 'கண்ட்ராலஜி'.

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டல், வளர்ந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான இதயப் பயிற்சியையும், குறைந்தது 2 நாட்கள் தசை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. மெதுவாகச் செய்யும் ஆசனங்கள் இதயத் துடிப்பைப் போதிய அளவு உயர்த்துவதில்லை. எனவே அவை விரைநடைக்கு ஈடாகா. விரைவாகச் செய்யும் சூரிய வணக்கம் ஓரளவு விதிவிலக்கு. பிலாட்டீசு வயிறு, முதுகுத் தசைகளுக்கு நல்ல வலுவூட்டும் பயிற்சியே. ஆயினும் கால் தசைகள் தொடர்ந்து வலுப்பெறச் சுமையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

இவ்விரண்டின் பயன் முதுமையில் தெளிவாகத் தெரியும். 65 வயதைக் கடந்தோர், கீழே விழுவதைத் தவிர்க்க, சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சிகளை வாரம் 3 நாட்களாவது செய்ய வேண்டும் என அதே வழிகாட்டல் கூறுகிறது. விருட்சாசனம் போன்ற ஒற்றைக்கால் நிலைகள் இதற்கு ஏற்றவை. தொடக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

கண் அழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனத்தைத் தவிர்க்க வேண்டும். தலைகீழ் நிலையில் கண்ணின் அழுத்தம் உயர்கிறது. எலும்புப்புரை உள்ளவர்களுக்கு, இரு முறைகளிலும் வரும் ஆழ்ந்த முன்வளைவு முதுகெலும்பு முறியக் காரணமாகலாம்.