விடுவதற்காகப் பிடிக்கும் மீன்

கோடையில் குளம் வற்றி முழங்கால் அளவு நீர் நிற்கும் நாளில், நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் மீன்பிடித் திருவிழா நடைபெறுவதுண்டு. ஊத்தாவும் வலையும் ஏந்தி ஊரே நீரில் இறங்கும். விராலும் கெளுத்தியும் கெண்டையும் அன்று மாலையே வீடுதோறும் குழம்பாகும். பிடித்த மீனை மீண்டும் நீரில் விடப்போவதாக அங்கே ஒருவர் சொன்னால், அவரை நகையாடாதார் ஒருவரும் இரார். ஆயினும் உலகின் புகழ்பெற்ற ஆறுகள் பலவற்றில் இன்று அதுவே நன்னெறியெனப் போற்றப்படுகின்றது. தூண்டிலிட்டுப் பிடித்து, கொக்கியை நீக்கி, உயிரோடு திரும்ப விடும் இவ்வழக்கம் அறமாகுமா, அதனால் மீனினத்திற்கு நன்மை உண்டா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வழக்கம் வேரூன்றியிருப்பது சால்மன் மீன் வாழும் வடநாட்டு ஆறுகளில்தான். கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றையே தேடி வரும் மீன் அது. அவ்வாறு மீண்டு வரும் மீன்களின் தொகை குறைந்துவிட்டமையால், ஸ்காட்லாந்தில் அண்மை ஆண்டுகளில் தூண்டிலில் சிக்கும் காட்டுச் சால்மன்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை திரும்ப விடப்படுகின்றன. கொல்லாது விடுவதால் இனம் பிழைக்கும் என்பது இதனை ஆதரிப்போர் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

விடப்பட்ட மீன் நீந்திச் செல்வதைக் கண்டவுடன் அது பிழைத்தது என்று நாம் கருதிவிடுகிறோம். கொக்கியில் சிக்கிய மீன் தன் வலிமையெல்லாம் திரட்டிப் போராடுகின்றது. அப்போது அதன் தசைகளுக்கு வேண்டும் அளவு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. லாக்டிக் அமிலம் பெருகிக் குருதியின் தன்மையே மாறிவிடுகின்றது. நீரைவிட்டு வெளியே தூக்கினாலோ, செவுள்களின் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மூச்சு அடைபடுகின்றது. ஓடிக் களைத்தவன் வாயையும் மூக்கையும் பொத்துவதற்கு இது ஒப்பாகும். புகைப்படத்திற்காகக் காற்றில் பிடித்து நிற்கும் ஒவ்வொரு நொடியும் அதன் உயிர்க்கணக்கில் கழிக்கப்படுகின்றது. உலர்ந்த கை பட்டால் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலம் சிதைந்து, நோய் புகவும் வழி பிறக்கும். உதட்டில் குத்திய கொக்கியினும் தொண்டையிலோ செவுளிலோ இறங்கிய கொக்கி பன்மடங்கு கொடியது. நீர் வெப்பமாயிருப்பின் துன்பம் இரட்டிக்கும். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவு, மீனுக்கோ தேவை மிகுதி. நீரின் வெப்பம் 20 பாகையை நெருங்கும்போது சால்மன் பிடிப்பதையே நிறுத்திவிட வேண்டும் என அறிவுறுத்துவது இதனாலேயே. முள்ளில்லாக் கொக்கி, நனைந்த கை, முடிச்சில்லா வலை, நீரைவிட்டு எடுக்காமை ஆகியன கைக்கொள்ளப்படின் இறப்பு பெரிதும் குறையும். ஆனால் சில மணி நேரம் கழித்து, எவர் கண்ணிலும் படாமல் ஆழத்தில் மாளும் மீனும் பதிவேட்டில் ‘விடுவிக்கப்பட்டது’ என்றே எழுதப்படும்.

சால்மன் நம் ஆறுகளில் இல்லை. அதற்கு நிகராக நம் காவிரிக்கு மாசீர் உண்டு. கெண்டை இனத்துப் பேருருவம் அது. 1873-ஆம் ஆண்டில் எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கில அதிகாரி இந்தியத் தூண்டில் மீன்களைப் பற்றித் தனி நூலே எழுதி இதன் புகழைப் பரப்பினார். 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் கபினி ஆற்றில் பிடித்த மாசீரின் எடை 120 இராத்தல்; ஏறத்தாழ 54 கிலோ. விடுதலைக்குப் பின்னர் இம்மீன் வெடிவைத்தும் நஞ்சிட்டும் அழிக்கப்பட்டு வந்தது. 1970-களிலிருந்து, ஒகேனக்கலுக்கு மேற்புறம் கர்நாடகக் காவிரியில், பீமேசுவரி, காலிபோர் முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் எழுந்தன. பிடித்த மாசீரைத் திரும்ப விடவேண்டும் என்பது அங்கே விதி. முன்னாளில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தோர் சிலருக்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை கொடுத்தனர். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுவே என்பது எமது கருத்து. ஆற்றோரத்தில் ஆள் நடமாட்டம் இருந்தமையால் வெடி வைப்போர் அஞ்சினர். காவிரி மாசீருக்குக் கிடைத்த காப்பு, கொக்கியைக் கழற்றிவிட்ட கையைவிட, கரையில் நின்ற காவலால் வந்ததே மிகுதி.

காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட பதிவேடுகளை அறிஞர்கள் பின்னர் ஆராய்ந்தனர். 23,620 மணி நேர உழைப்பில் 6,161 மாசீர்கள் பிடிபட்டு விடப்பட்டுள்ளன; ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்கு ஒரு மீன். ஆண்டு செல்லச் செல்லச் சிக்கும் மீன்களின் எண்ணிக்கை கூடியது. சராசரி எடை குறைந்தது. இளமீன்கள் பெருகுகின்றன என்று மகிழலாம். ஆனால் அப்பெருக்கத்திற்குள் ஒரு வீழ்ச்சி ஒளிந்திருந்தது. பெருகியது நீலத்துடுப்பு மாசீர். காவிரிக்கே உரிய கூன்முதுகு மாசீரோ அருகிக்கொண்டே வந்தது. நீலத்துடுப்பு மாசீர் கிருஷ்ணை வடிநிலத்துக்கு உரியது. லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் நடத்திய பொரிப்பகத்தில் பெருக்கப்பட்ட குஞ்சுகள் நல்லெண்ணத்துடனேயே நாட்டின் பல நீர்நிலைகளில் விடப்பட்டன. காவிரியும் அவற்றுள் ஒன்று. விருந்தாளி வீட்டுக்காரனை வெளியேற்றிய கதையாயிற்று. பதிவேடு இல்லையேல் இவ்வுண்மை வெளிப்பட்டிராது என்பதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவில் தூண்டில்காரர்களுக்கு அறிவுலகம் கடன்பட்டிருக்கின்றது.

இப்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்திற்குள் அமைந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்னும் சொல் பிடித்தலையும் உள்ளடக்கும். ஆதலின் விட்டுவிடுவதாயினும் தூண்டிலிடுதல் வேட்டையே எனக் கொள்ளப்பட்டு, 2012-ஆம் ஆண்டளவில் முகாம்களில் மீன்பிடி நின்றது. தடையால் மீனுக்குக் கொக்கியின் துன்பம் நீங்கியது உண்மை. தூண்டிற்பணத்தால் நடந்த காவலும் அதனோடு நின்றது. காவலுக்கு மாற்று அமைக்காமல் தடை மட்டும் விதித்தால் வெடி வைப்போர்க்கே அது வசதி.

இனி அறக்கேள்விக்கு வருவோம். நீர்வாழ் வேட்டையை மனிதனுக்கும் பயணிகளுக்கும் உணவாக இறைமறை ஆகுமாக்கியிருக்கின்றது. ‘உணவாக’ என்பதே இங்குக் கருதத்தக்கது. உயிருள்ளதை அம்பெய்து பழகும் இலக்காக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிப் பட்டினியிட்டவள் தண்டிக்கப்பட்டதையும் எடுத்துரைத்தார்கள். செயல்கள் எண்ணத்தைக் கொண்டே அமைகின்றன என்னும் அளவுகோலை இங்கு வைத்துப் பார்ப்போம். உண்பதற்காகப் பிடிப்பவன் எண்ணத்தில் தேவை இருக்கின்றது. விடுவதற்கென்றே பிடிப்பவன் எண்ணத்தில் இருப்பது மீனின் போராட்டம் தரும் கிளர்ச்சியே. மீன் வலியை உணருமா என்பதில் அறிவியலாருக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் டிரவுட் மீனின் வாயருகே தீங்கை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஐயத்தின் பயனை மீனுக்குத் தருவதே பாதுகாப்பானது. சுவிட்சர்லாந்து நாடு, விடும் நோக்கத்துடன் மீன் பிடிப்பதைச் சட்டத்தால் தடுத்திருப்பதும் இக்கருத்தை ஒட்டியதே.

ஆனால் இங்கு ஓர் அநீதியையும் சுட்டவேண்டும். ஆற்றங்கரைக் குடியானவன் பசிக்குப் பிடித்தால் திருடன் எனப்பட்டான். விமானமேறி வந்தவர் பொழுதுபோக்குக்குப் பிடித்தால் காவலர் எனப்பட்டார். வெடி வைப்பவனை நாம் ஆதரிக்கவில்லை. குஞ்சும் தாயும் ஒருங்கே மாளும் அக்கொடுமைக்கு எந்த அறத்திலும் இடமில்லை. எனினும் தூண்டில் வேட்டைக்கு நியாயம் கேட்போர், அந்த ஆற்றால் வாழும் ஏழைக்கு அதில் என்ன பங்கு என்பதற்கும் விடை சொல்லியாக வேண்டும். வழிகாட்டி வேலை பெற்றவனுக்கு விடை கிடைத்தது. ஏனையோர்க்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

கூன்முதுகு மாசீரின் நிலை இன்று மிகவும் இரங்கத்தக்கது. நூறாண்டுக்கு மேல் உலகப் புகழ் பெற்றிருந்தும், 2018-இல்தான் அதன் அறிவியற்பெயர் ஐயமின்றி உறுதிசெய்யப்பட்டது. கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007-இல் பெயரிடப்பட்ட ‘டோர் ரெமாதேவி’ என்னும் மீனும் இதுவும் ஒன்றே எனக் கண்டனர். அவ்வாண்டே அழிவின் விளிம்பிலுள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இடம்பெற்றது. அவ்வாய்வுக்கு வேண்டிய மீன்கள் கிடைத்தது நம் தமிழகத்து மோயாற்றில். முதுமலையையும் சத்தியமங்கலக் காட்டையும் ஒட்டி ஓடிப் பவானிசாகரில் கலக்கும் ஆறு அது. அந்நீர் பவானி வழியே காவிரியை அடைந்து, கல்லணைக் கால்வாயில் பிரிந்து, நம் மாவட்டத்தின் கிழக்குக் கழனிகள் வரை வருகின்றது. மோயாற்றில் வேற்றிடத்து மாசீர்க் குஞ்சுகளை விடாதிருத்தலும், கோடையில் அதன் மடுக்கள் வற்றாதவாறு நீர் திறத்தலும், கரையோர மக்களையே ஊதியம் பெறும் காவலர்களாக அமர்த்துதலும் உடனே வேண்டப்படுவன. அங்கு எஞ்சியிருக்கும் மீனைத் தூண்டிலில் பிடித்து விடுவதற்கும் இப்போது இடமில்லை.