எதிர் நாற்காலியில் ஒரு சீனியர்

செப்டம்பர் பிறந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலைவாய்ப்பு முகாம்கள் களைகட்டத் தொடங்கும். முகாமுக்கு முந்தைய வாரம் 'கரியர் சென்டர்' வாசலில் வரிசை நிற்கும். வேலை தேடும் மாணவர்களுக்கு வழிகாட்டுகிற அலுவலகம் அது. வரிசையில் நிற்பவர் கையில் ரெஸ்யூம், முகத்தில் பதற்றம். பல இடங்களில் முன்பதிவுகூட வேண்டாம். முறை வந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தால் பதினைந்து, இருபது நிமிடம் கிடைக்கும். உட்கார்ந்த பிறகுதான் பலருக்கும் அந்த வியப்பு. எதிர் நாற்காலியில் கோட்டு போட்ட அதிகாரி இல்லை. நூலகத்திலும் கேன்டீனிலும் அடிக்கடி கண்ணில் படுகிற மூன்றாம் ஆண்டு மாணவி உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு மணிக் கணக்கில் சம்பளம் உண்டு. வகுப்புகள் தொடங்குமுன்பே பயிற்சி முடித்திருப்பார். அவர் வேலையைக் கவனித்துத் திருத்த அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவர் இருப்பார். 'பியர் கரியர் அட்வைசர்' என்பது பதவியின் பெயர். நம் கல்லூரிப் பேச்சில் அவருக்கு ஒரே பெயர்தான்: சீனியர்.

சீனியரின் அருமையைத் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கம்பெனி ஆப்டிடியூட் தேர்விலேயே பாதிப் பேரைக் கழித்துவிடும், ஹெச்.ஆர். சுற்றில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது, அரியர் இருந்தால் அதை எப்படிச் சொல்வது... இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைத்த கல்வி அது. ஆனால் யாருக்குக் கிடைத்தது? ஹாஸ்டலில் தங்கியவருக்கு, சொந்த ஊர்க்காரர் யாராவது மேல்வகுப்பில் இருந்தவருக்கு, கூச்சமில்லாமல் போய்ப் பேசத் தெரிந்தவருக்கு. சாயங்காலம் காலேஜ் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டிய டே ஸ்காலருக்கும், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பெண்ணுக்கும் அது எட்டவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்த இடத்தில்தான் கை வைத்திருக்கின்றன. சீனியரின் அறிவு யாருடைய நட்பையும் நம்பி இருக்க வேண்டாம் என்று ஒரு மேசையைப் போட்டு, நேரத்தை எழுதி ஒட்டி, யார் வந்தாலும் உண்டு என்று ஆக்கியிருக்கின்றன.

தெரிந்தவர் இருப்பது வேலை விஷயத்தில் எவ்வளவு பெரிய சொத்து என்பதைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970-களில் கணக்குப் போட்டுக் காட்டினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், படித்து நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்களிடம் வேலை கிடைத்த கதையைக் கேட்டார். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது தெரிந்தவர் மூலமாக வந்திருந்தது. இன்னும் துருவிக் கேட்டபோது, அப்படி வேலை பெற்றவர்களில் 100-க்கு 17 பேருக்குத்தான் உதவியவர் அடிக்கடி சந்திக்கும் ஆள். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற பழக்கக்காரர். நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், புதுச் செய்தி வெளிவட்டத்திலிருந்துதான் வரும் என்பது அவர் தந்த விளக்கம். அப்பா கொத்தனார், அம்மா துப்புரவுப் பணியாளர் என்றால் அந்த வெளிவட்டத்தில் மென்பொருள் நிறுவன மேலாளர் எங்கிருந்து வருவார்? மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவி அந்த வெளிவட்டத்தின் முதல் ஆளாகிறார்.

வேலைக்கு வழிகாட்டுவது ஒரு தனித் தொழிலாக அமெரிக்காவில் உருவானதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். 1908-இல் பாஸ்டன் நகரின் நார்த் எண்ட் பகுதியில், கடல் கடந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பத்து இளைஞர்களுக்காக ஃபிராங்க் பார்சன்ஸ் ஓர் ஆலோசனை நிலையம் தொடங்கினார். அதே ஆண்டு அவர் இறந்துவிட்டார். இந்தப் பணியைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1909-இல் வெளிவந்தது.

மாணவருக்கு மாணவரே உதவினால் என்ன என்ற கேள்விக்கு அழுத்தம் கொடுத்தது நியூயார்க். 1970-இல் அந்த நகரப் பல்கலைக்கழகம், நகரின் உயர்நிலைப் பள்ளியை முடித்த எவருக்கும் இடம் உண்டு என்று கதவைத் திறந்துவிட்டது. கல்லூரி வாசனையே இல்லாத குடும்பங்களிலிருந்து மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு உதவி தேவைப்பட்டது. உதவ ஆட்களும் இருந்தார்கள். ஆனால் மாணவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியர் கென்னத் புரூஃபி இதற்கான காரணத்தைப் பின்னாளில் எழுதினார்: வகுப்பறையில் எது அவர்களை மிரட்டியதோ, உதவி மையமும் அதன் நீட்சியாகவே தெரிந்தது. எனவே சொல்லும் விஷயத்தை மாற்றாமல் சொல்லும் ஆளை மாற்றிப் பார்த்தார்கள். எழுத்துப் பயிற்சிக்கு மாணவர்களையே உட்கார வைத்தார்கள். கூட்டம் வந்தது.

வேலை வழிகாட்டலிலும் அந்தக் காரணம் அப்படியே பொருந்துகிறது. 'இன்டர்ன்ஷிப் என்றால் சரியாக என்ன?' என்று ஓர் அதிகாரியிடம் கேட்க வாய் வராது. ஒரு வயது மூத்த மாணவியிடம் வந்துவிடும். போன வருஷம் தானும் அது தெரியாமல் திண்டாடியது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. முப்பது வருஷ அனுபவம் உள்ளவருக்கு இந்த ஞாபகம் இருப்பது கடினம்.

எல்லாருக்கும் ஒரு மணி நேர ஆலோசனை தேவைப்படுவதும் இல்லை. இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர்களில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் சாம்ப்சன், ராபர்ட் ரியர்டன் போன்ற ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். வருபவர்களை அவர்கள் மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். தகவல் கிடைத்தால் தானே பார்த்துக்கொள்பவர் ஒருவகை. கொஞ்ச நேரம் பக்கத்தில் ஆள் இருந்தால் போதும் என்பவர் இன்னொரு வகை. குழப்பம் ஆழமாகி, தொடர்ந்து ஒரே ஆலோசகரைச் சந்திக்க வேண்டியவர் மூன்றாவது. நடு வகைக்கு மாணவ ஆலோசகர் பொருத்தமானவர். தேர்ந்த ஆலோசகரின் நேரம் மூன்றாவது வகையினருக்கு மிச்சமாகிறது.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? பல்பொருள் அங்காடியில் பகுதிநேர வேலை பார்க்கும் ஒரு மாணவி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'எனக்கு அனுபவமே இல்லை' என்பதுதான் முதல் வாக்கியம். ரெஸ்யூமில் 'கேஷியர்: பில் போடுவது' என்று ஒரே வரி. ஆலோசகர் கேள்வி கேட்கத் தொடங்குகிறார். கடை மூடும்போது கல்லாக் கணக்கை யார் முடிப்பார்கள்? 'நான்தான்.' புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மெஷினைக் காட்டிக்கொடுப்பது யார்? 'அதுவும் நான்தான்.' இதுவரை எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணி, 'நாலு' என்கிறார். பழைய வரி போய், 'புதிய ஊழியர்கள் 4 பேருக்குப் பயிற்சி அளித்தேன். நாள் முடிவில் பண இருப்பைச் சரிபார்த்து ஒப்படைத்தேன்' என்று புது வரி வருகிறது. இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. செய்த வேலைக்குப் பெயர் வைக்க இதுவரை ஒருவரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ பொறியியல் முடித்து முதுகலைக்குப் போன மாணவர் வந்தால் கதை வேறு. நம் ஊர் பயோடேட்டாவின் அடையாளங்கள் எல்லாம் அதில் இருக்கும்: பாஸ்போர்ட் அளவுப் படம், தந்தை பெயர், பிறந்த தேதி, திருமணம் ஆகவில்லை என்ற குறிப்பு, கடைசியில் 'மேற்கூறியவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற வாசகம், அதன் கீழே கையெழுத்து. அத்தனையும் போக வேண்டும். அதற்கு முக்கியக் காரணம் சட்டம். இனம், மதம், பால், பூர்விக நாடு பார்த்து வேலை மறுப்பதை 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தடுக்கிறது. 40 வயதை எட்டியவர்களை வயதைக் காட்டி ஒதுக்குவதை 1967-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால் அந்த விவரங்கள் தங்கள் மேசைக்கே வர வேண்டாம் என்று நிறுவனங்கள் நினைக்கின்றன. இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் நூறு இடத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, பதில் வராத காரணம் புரியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

பயிற்சியில் வலியுறுத்தப்படும் பழக்கம் ஒன்று உண்டு. பேனாவும் கீபோர்டும் வந்தவர் கையிலேயே இருக்க வேண்டும். ஆலோசகர் எழுதிக் கொடுத்துவிட்டால் தாள் அழகாகிவிடும். ஆனால் நேர்முகத் தேர்வில் 'இந்த வரியை விளக்குங்கள்' என்றால் வந்தவர் திகைத்து நிற்பார். அந்த நேர்முகத் தேர்வுக்கும் ஒத்திகை உண்டு. சூழல் என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன விளைந்தது என்று நான்கு படியாகக் கதை சொல்லப் பழக்குகிறார்கள். 'நாங்கள் செய்தோம்' என்றே பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு 'நான் செய்தேன்' என்று சொல்வது எளிதில் வருவதில்லை. அந்தத் தயக்கத்தை உடைப்பதில்தான் பாதி நேரம் போகிறது.

எங்கே நிறுத்திக்கொள்வது என்பதும் பயிற்சிதான். விசா விஷயம் அதில் முதன்மையானது. படிப்பு முடிந்ததும் வெளிநாட்டு மாணவர்களுக்கு 'ஓ.பி.டி.' என்ற பெயரில் 12 மாதம் வேலை செய்ய அனுமதி கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். முதல் 12 மாதத்தில் வேலையில்லாத நாட்கள் 90-ஐத் தாண்டினால் தங்கும் தகுதியே ஆட்டம் காணும். இதில் ஒரு சீனியர் காதால் கேட்டதைச் சொல்லி, அது தவறாகிப்போனால் ஒரு குடும்பமே கல்விக்கடனோடு நடுத்தெருவில் நிற்கும். ஆகவே இந்தக் கேள்வி வந்ததும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குக் கைகாட்டிவிட வேண்டும். மனம் உடைந்து அழுகிறவரை மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போக வேண்டும். கேட்ட ரகசியம் அறையைத் தாண்டக் கூடாது. மாணவர் விவரங்களைக் காக்க 1974-இலிருந்தே அங்கே தனிச் சட்டம் இருக்கிறது.

குறைகளும் உண்டு. இருபது வயதுக்காரர் பார்த்த உலகம் சின்னது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு அருங்காட்சியக வேலையைப் பற்றி என்ன தெரியும்? 'ரெஸ்யூம் ஒரு பக்கம்தான்' என்ற பொது விதியை, பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவரிடமும் சிலர் அப்படியே ஒப்பிப்பார்கள். மேற்பார்வை தளர்ந்த இடத்தில் இந்த மேசை வெறும் எழுத்துப்பிழை திருத்தும் இடமாகச் சுருங்கிவிடும். அந்த மேசைக்குச் செலவிடும் பணத்தைவிட, மாணவ ஆலோசகர்களோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஒதுக்கும் நேரம்தான் ஒரு பல்கலைக்கழகத்தின் அக்கறையைக் காட்டும்.

சம்பளம் கொடுப்பதும் சின்ன விஷயமல்ல. வசதி குறைந்த மாணவர்களுக்கு வளாகத்தில் வேலை தர 1964-இலிருந்து அமெரிக்க மத்திய அரசு நிதி கொடுத்து வருகிறது. ஆலோசகர் வேலைகள் பலவற்றுக்கு இந்தப் பணம் கைகொடுக்கிறது. சம்பளமில்லாத வேலை என்றால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வந்து உட்கார முடியும். வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த நிதி கிடையாது. ஆனால் கல்லூரி நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வேறு எந்த நாட்டு மாணவர்களும் அந்த ஆண்டு அங்கே இத்தனை பேர் இல்லை. இந்த மேசையை அதிகம் தேடுகிறவர்களில் அவர்கள் இருப்பது இயல்பு.

நம் கல்லூரிகளில் பிளேஸ்மெண்ட் செல்லுக்கு உதவும் மாணவ ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். கம்பெனிக்காரர்களை வரவேற்பது, பட்டியல் தயாரிப்பது, அறை ஒதுக்குவது என்று ஓடி ஓடி உழைக்கிறார்கள். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியை லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டுபோகிறது. அந்த ஒருங்கிணைப்பாளர்களில் இரண்டு பேருக்குப் பயிற்சியும் சிறு ஊதியமும் கொடுத்து, மதிய இடைவேளையில் ஒரு மேசையில் உட்கார வைத்தால் டே ஸ்காலரும் பஸ் கிளம்புமுன் வந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

அமெரிக்காவில் மே மாதம் பட்டமளிப்பு முடிந்ததும் ஆலோசகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறிவிடுவார்கள். அதற்குள் வேலை தேட அவர்களுக்கும் ரெஸ்யூம் வேண்டும். அதைப் பக்கத்து மேசைத் தோழியிடம் நீட்டி, பேனாவைத் தன் கையில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். காலியாகும் நாற்காலிகளுக்கு ஆள் எடுக்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். விண்ணப்பிப்பவர்களில் சிலர், செப்டம்பரில் வாசலில் வரிசையில் நின்றவர்கள்.