வேலியில்லாத தோட்டத்துக்குள்ளே ஒரு எட்டு!

செருப்பைக் கழற்றாதீங்க, தரை முழுக்கக் கூழாங்கல். கேட்டையும் தேடாதீங்க. இங்கே கேட்டும் கிடையாது, வேலியும் கிடையாது!

நாம் நிற்பது இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள டஞ்சனெஸ் கடற்கரையில். எதிரே தார் பூசிய கறுப்பு மரவீடு. அதில் பளிச்சென்று மஞ்சள் ஜன்னல்கள். கொஞ்சம் தள்ளி, நம்பினால் நம்புங்கள், அணுமின் நிலையம்! திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மன் 1980-களின் பிற்பாதியில் வாங்கிய இந்தச் சின்ன வீட்டுக்குப் ‘ப்ராஸ்பெக்ட் காட்டேஜ்’ என்று பெயர். உப்புக்காற்று ஓயாமல் அடிக்கும். தரையில் மண் என்று சொல்ல எதுவும் இல்லை. இங்கேதான் தன் கையாலேயே ஒரு தோட்டம் போட்டார் மனிதர்!

ஆரம்பம் ரொம்பச் சின்னது. நட்டு வைத்த காட்டு ரோஜாவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு குச்சி வேண்டியிருந்தது. கடல் ஒதுக்கிய கட்டை ஒன்று கிடைத்தது, ஊன்றினார். அட, அழகாக இருக்கிறதே! அப்புறம் விடுவாரா? கடற்கரையில் நடக்கப் போகும்போதெல்லாம் ஏதாவது கையோடு வந்தது. நீள நீளமான சக்கிமுக்கிக் கற்கள் நெட்டுக்குத்தாக நின்றன. துளை விழுந்த கற்கள் மாலையாகத் தொங்கின. துருப்பிடித்த சங்கிலி, மீன்பிடி மிதவை, போர்க்காலத்து இரும்புக் கம்பம் எல்லாமே சிற்பங்களாயின. மந்திரத்தால் அணுமின் நிலையத்தையே மடக்கப் பார்க்கிறாரோ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்களாம்!

சரி, கல்லில் செடி எப்படி வந்தது? இதோ ரகசியம்: கல்லை விலக்கிக் குழி பறி, தொழு எருவைக் கொட்டு, செடியை நடு, மறுபடி கல்லால் மூடு. மேலே கிடக்கும் கல் ஈரத்தைக் காக்கும். வெளியே தெரிவதோ வெறும் கூழாங்கல்தான்!

செடித் தேர்வைப் பாருங்கள். முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த சீ கேல் இந்தக் கரையின் சொந்தப் பிள்ளை; ஆழமாக வேர்விடும், வெள்ளைப் பூக்களில் தேன் மணக்கும். கூடவே சிவப்புப் பாப்பி, லாவண்டர், சாம்பல் பூத்த சான்டோலினா. வீட்டின் முன்பக்கம் வட்டம் வட்டமாக ஒழுங்கு. பின்பக்கம் அவிழ்த்துவிட்ட உற்சாகம். புல்வெளி மட்டும் எங்கேயும் இல்லை.

1986-இன் கடைசியில்தான் தனக்கு எச்.ஐ.வி. தொற்று என்று ஜார்மனுக்குத் தெரிந்தது. அப்போது அதற்குச் சரியான மருந்து இல்லை. உடல் தளர்ந்தபோதும் நடுவதை அவர் நிறுத்தவில்லை. 1994-இல் காலமானார். அடுத்த ஆண்டு, ஹோவர்ட் சூலியின் புகைப்படங்களோடு இந்தத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. 2020-இல் வீடு விற்பனைக்குப் போகும் நிலை வந்ததும், ஆயிரக்கணக்கானோர் பணம் போட்டு 35 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி அதைக் காப்பாற்றினார்கள்!

எனக்கு இதைவிட உற்சாகமூட்டும் தோட்டம் வேறில்லை. விலை கொடுத்து வாங்கியதைவிட, அந்த இடமே கொடுத்ததுதான் இங்கே அழகு. அதனால் நர்சரிக்கு வண்டியை எடுக்கும் முன் உங்கள் கொல்லையை ஒருமுறை சுற்றி வாருங்கள். உடைந்த ஓடு, பழைய ஆட்டுக்கல், தானாக முளைத்த செடி என்று எது கண்ணில் பட்டாலும் தூக்கிப் போடாதீர்கள். அதிலிருந்தே தொடங்குங்கள்!